தங்கவயலில் தூசும் மூச்சும்



நான் மருத்துவன் அல்லேன்; பொருளியல் பயின்றவன். ஆயினும் கோலார் தங்கவயலில் மூக்கடைப்பைப் பற்றிப் பேசுவது பொருளியலுக்குப் புறம்பாகாது. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்கு வந்தது முதல் 2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டது வரை, பொன் பிரித்தபின் எஞ்சிய பாறைத்தூள் ஊரையொட்டிச் 'சயனைடு மலை'களாகக் குவிந்தது. காற்று வீசும் மாதங்களில் அத்தூள் வீடுகளுக்குள் வருகிறது.

மூக்கின் உட்சுவர்களில் உள்ள சதைமடிப்புகள், உள்ளே செல்லும் காற்றைச் சூடாக்கி, ஈரப்படுத்தி, தூசைத் தடுக்கின்றன. தூசு ஓயாது உறுத்தினால் அவற்றில் இரத்தம் தேங்கி வீக்கம் உண்டாகிறது. ஒவ்வாமை உடையோருக்குத் தொல்லை மிகுதி. இரவெல்லாம் வாயால் மூச்சுவிட்டவர், விடியுமுன் பெங்களூர் ரயிலைப் பிடிக்க வேண்டும்.

அவர் சட்டைப்பையில் ஒரு சொட்டு மருந்துக் குப்பி இருக்கும். சில நிமிடங்களில் அது அடைப்பைத் திறக்கிறது. ஆனால் சில நாட்களுக்கு மேல் தொடர்ந்து இட்டால், மருந்தின் வேகம் தணிந்ததும் வீக்கம் முன்னிலும் மிகுந்து திரும்பும். மீண்டும் குப்பியை நாட நேரிடும். மலிவான பொருள் விலையுயர்ந்ததாகும் விந்தை இது. காய்ச்சி ஆறவைத்த உப்புநீரால் மூக்கைக் கழுவுவதும், மருத்துவர் கூறும் ஸ்டீராய்டுத் தெளிப்பு மருந்தை நாள்தோறும் பயன்படுத்துவதும் மெதுவான வழிகள். தெளிப்பின் முழுப்பயன் தெரிய வாரங்கள் ஆகலாம். அதற்குள் பலர் கைவிட்டுவிடுகின்றனர். இவற்றால் பயனில்லையெனில் அறுவை மருத்துவத்தால் சதைமடிப்பைச் சிறிதாக்கலாம். அதன்பின் சில வாரங்கள் மூக்கினுள் பொருக்குக் கட்டும். அதுவரை தூசைத் தவிர்க்க வேண்டும் என்பார்கள். சயனைடு மலையடியில் குடியிருப்பவர் எங்ஙனம் தவிர்ப்பது?

மிக நுண்ணிய சிலிக்காத் தூளை மூக்கால் தடுக்க இயலாது. அது நுரையீரலை அடைகிறது. சிலிக்கோசிஸ் நோய் இச்சுரங்கத் தொழிலாளரிடையே நாட்டு விடுதலைக்கு முன்பே கண்டறியப்பட்டது. மூக்கிற்குச் செய்யும் மருத்துவம் அந்நோய்க்கு மருந்தாகாது.

எஞ்சிய பொன்னுக்காக 13 தூள்மேடுகளை மீண்டும் தோண்டும் திட்டத்திற்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைவளித்தது. கிளறினால் தூசு பறக்கும். நீர் தெளித்தல், மூடிய வண்டிகள், காற்றில் தூசின் அளவை அளந்து ஊரறிய அறிவித்தல், மலையடிக் குடும்பங்களுக்கு மூக்கு, நுரையீரல் பரிசோதனை ஆகியவற்றின் செலவு, ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே கணக்கில் சேர்க்கப்பட வேண்டும். பின்னர்ச் சேர்ப்பதென்றால், அச்செலவைத் தங்கவயல் குடும்பங்களே ஏற்க நேரிடும்.