சோம்பலா, சோர்வா?

(ஆசிரியர் பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



முதல் பாடவேளையிலேயே தலை சாய்க்கும் பிள்ளை நம் ஒவ்வொருவர் வகுப்பிலும் உண்டு. 'சோம்பேறி' என்று சொல்லிவிடுவது எளிது. அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால், பிறகு காரணத்தை யாரும் தேடமாட்டார்கள். எனவே, பெயர் வைப்பதற்கு முன் நான்கு கேள்விகளைக் கேட்போம். மற்றவர் முன்னிலையில் அல்ல, தனியாக.

முதலாவது: நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினாய்? 6 முதல் 12 வயதுவரை 9 மணி நேரமாவது, 13 முதல் 18 வயதுவரை 8 மணி நேரமாவது உறக்கம் தேவை. இரவு 11 மணிவரை கைப்பேசி பார்த்துவிட்டுக் காலை 5 மணிக்கு எழும் பிள்ளைக்குக் கிடைப்பது 6 மணி நேரமே. படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே கைப்பேசியை எடுத்துவைக்கும்படி பெற்றோர் கூட்டத்தில் சொல்லலாம். வீட்டுப்பாடத்தை நாம் அளவோடு கொடுக்கிறோமா என்றும் பார்க்கவேண்டும்.

இரண்டாவது: காலையில் என்ன சாப்பிட்டாய்? 'சாப்பிட்டாயா?' என்றால், 'சாப்பிட்டேன் டீச்சர்' என்றுதான் பதில் வரும். 'என்ன?' என்று கேட்டால்தான் வெறும் டீயோடு வந்தது தெரியும். 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் தொடக்க வகுப்புப் பிள்ளைகளின் பசியைத் தீர்க்கிறது. விடிந்ததும் பேருந்து பிடித்து வரும் மேல் வகுப்புப் பிள்ளைகளை நாம்தான் விசாரிக்கவேண்டும்.

மூன்றாவது: தண்ணீர் குடித்தாயா? கழிப்பறைக்குப் போக நேருமே என்று தண்ணீரையே தவிர்க்கும் மாணவிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அறிவுரை பயன்படாது. தாழ்ப்பாள் உள்ள கதவும் தண்ணீர் வரும் குழாயும்தான் பயன்படும். அதைச் சரிசெய்துவிட்டு, பாடவேளைகளுக்கு இடையே நாமும் அவர்களோடு சேர்ந்து குடித்தால் பழக்கம் தானே வரும்.

நான்காவது: இரும்புச்சத்து மாத்திரையை விழுங்கினாயா? வயிற்றைப் புரட்டும், மலம் கறுக்கும் என்று பயந்து சிலர் துப்பிவிடுகிறார்கள். கறுப்பது இயல்புதான் என்று முன்பே சொல்லிவிடுங்கள். மதிய உணவுக்குப் பிறகு, கண்முன்னே விழுங்கச் செய்யுங்கள். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். நெல்லிக்காயும் எலுமிச்சையும் சேர உதவும். குடற்புழு நீக்க மாத்திரையும் தவறக்கூடாது.

கீழ் இமையின் உட்புறம் வெளுத்திருந்தாலோ, படியேறும்போது மூச்சு வாங்கினாலோ இரத்தசோகையாக இருக்கலாம். முடிவு செய்யவேண்டியவர் மருத்துவர். கவனித்து அனுப்பவேண்டியவர்கள் நாம். வாரக்கணக்கில் சோர்வு நீடித்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள்.

சில பிள்ளைகளிடம் இந்த நான்கிலும் விடை கிடைக்காது. வீட்டில் சண்டை, விடியற்காலை வேலை என்று வேறு காரணம் இருக்கும். கேட்கும் ஆசிரியரிடம்தான் அது வெளியே வரும்.

நாளை ஒரே ஒரு பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்.