ஒரே கணினியில் இரண்டு அச்சு



லினக்ஸ் கணினியில் ஒரு செயலி ஒரு மாதிரியும் அடுத்த செயலி வேறு மாதிரியும் தெரிவது உண்டு. அதைக் கண்டு, கணினி பழுதாகிவிட்டதென்று கடைக்குத் தூக்கிச் சென்று காசைச் செலவழிக்க வேண்டாம். காரணம் வேறு.

1991-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ், கணினியை உள்ளிருந்து இயக்கும் பகுதி மட்டுமே. திரையில் நாம் காணும் முகப்பைச் செய்தவர்கள் வேறு ஆட்கள். 1996-இல் ஜெர்மனியில் மத்தியாஸ் எட்ரிக், கியூட்டி என்ற கருவித் தொகுப்பைக் கொண்டு கே.டி.இ. முகப்பைத் தொடங்கினார். கியூட்டியின் உரிமம் அப்போது போதிய சுதந்திரம் தரவில்லை. ஆகவே 1997-இல் மெக்சிகோவில் மிகேல் டி இகாசாவும் பெடெரிகோ மேனாவும், ஜி.டி.கே. என்ற வேறு தொகுப்பைக் கொண்டு குனோம் முகப்பைத் தொடங்கினார்கள். 2000-இல் கியூட்டியின் உரிமச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் அதற்குள் இரண்டு வழியும் நிலைத்துவிட்டன.

முறுக்கு சுடும்போது மாவு ஒன்றுதான். அச்சை மாற்றினால் வடிவம் மாறுகிறது அல்லவா? கியூட்டியும் ஜி.டி.கே.யும் அப்படிப்பட்ட அச்சுகள். பொத்தானையும் பட்டியலையும் வரைந்து தருபவை அவையே. குனோம் முகப்பில் கே.டி.இ. செயலியைத் திறந்தாலும், அது தன் அச்சையே கொண்டு வரும்.

2002-இல் ரெட் ஹேட் நிறுவனம் புளூகர்வ் என்ற ஒரே தோற்றத்தை இரண்டுக்கும் கொடுத்துப் பார்த்தது. ஆயினும் நிறத்தை ஒன்றாக்குவது எளிது; பழக்கத்தை ஒன்றாக்குவது கடினம்.

பிள்ளைகள் கவனிக்க வேண்டியது இங்கேதான். "சேமிக்கவா?" என்று கணினி கேட்கும்போது, குனோம் செயலியில் 'சேமி' பொத்தான் பொதுவாக வலக்கோடியில் இருக்கும். கே.டி.இ. செயலியில் அதே வலக்கோடியில் 'ரத்து' இருக்கும். இடத்தை மட்டும் நம்பிக் கை போனால், எழுதிய பாடம் சேமிக்கப்படாது. அது தெரியாமல் கணினியை அணைத்துவிட்டால் உழைப்பு வீண்.

ஆகவே பெற்றோர்களே, பொத்தானின் இடத்தைப் பார்க்காமல் அதிலுள்ள சொல்லைப் படித்த பிறகே அழுத்தும்படி பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கண்ட்ரோல் விசையுடன் எஸ் விசையை அழுத்தினால் இரண்டு வகைச் செயலியிலும் சேமிக்கலாம். இதைப் பழகிய பிள்ளை எந்தக் கணினியின் முன்னும் தயங்காது.