விசிறி சுற்றினால் போதுமா?

மேசைக் கணினியின் பொத்தானை அழுத்துகிறோம். திரை கறுப்பாகவே கிடக்கிறது. உடனே "மதர்போர்டு போச்சு" என்று முடிவுகட்டிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பு கடைசியில் வர வேண்டியது. முதலில் வந்தால் வீண் செலவுதான். விசிறி சுற்றுகிறதே, அப்படியானால் மின்சாரம் சரிதானே என்று கேட்பீர்கள். அங்கேதான் ஏமாறுகிறோம். விசிறிக்கு 12 வோல்ட் கிடைத்தால் போதும். கணினிக்கோ 5 வோல்ட்டும் 3.3 வோல்ட்டும்கூட வேண்டும். இவை எல்லாம் நிலைபெற்ற பிறகே, மின்சாரம் வழங்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். 'மின்சாரம் சரி' என்ற சமிக்ஞையை மதர்போர்டுக்கு அனுப்பும். அது வராவிட்டால் விசிறி சுற்றினாலும் செயலி வேலையைத் தொடங்காது. ஆகவே சுவர் பிளக், எஸ்.எம்.பி.எஸ். பின்புறச் சுவிட்ச், மானிட்டர் கேபிள் என்று வெளியிலிருந்து உள்ளே போவதே முறை.

அடுத்தது ரேம். உள்ளே சிறு ஸ்பீக்கர் இருந்தால், அது எழுப்பும் 'பீப்' ஒலிகளை எண்ணிப் பாருங்கள். கோளாறைக் குறிக்கும் அந்த ஒலிகளின் பொருள், கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருளான பயாஸின் தயாரிப்பாளருக்கு ஏற்ப மாறும்; விளக்கம் மதர்போர்டு கையேட்டில் இருக்கும். தூசியாலோ தளர்வாலோ தொடர்பு விட்டிருந்தால், ரேமைக் கழற்றித் துடைத்து மீண்டும் அழுத்திப் பொருத்துவதே போதுமானதாக இருக்கும். தெரியாதவர்கள் கணினியைத் திறக்கலாமா என்ற அச்சம் நியாயமானது. எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை ஒருபோதும் திறக்காதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் அதன் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கும். ரேம் அப்படியல்ல. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினெட்டின் பூசாத உலோகத்தைத் தொட்டு, உடலின் நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொண்டால் தாராளமாகக் கை வைக்கலாம்.