தனியே அழைத்துச் சென்றார்

காது கேளாத, திக்கிப் பேசும் ஒருவரை இயேசுவிடம் கொண்டுவந்தார்கள். அவரோ அந்த மனிதரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துப்போய்க் குணமாக்கினார். மாற்கு நற்செய்தி 7ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம்.

நாம் என்ன செய்கிறோம்? நோயாளியைப் பார்க்கப் போகிறோம். கட்டிலருகே கிடக்கும் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படமெடுத்து, “இவருக்காக ஜெபியுங்கள்” என்று அன்பிய வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுகிறோம். நல்ல எண்ணம்தான். ஆனால் பொழுது விடிவதற்குள் அது மகளுக்குப் பேசிவைத்த சம்பந்தி வீட்டுக்கும், வேலை கொடுத்த முதலாளிக்கும் போய்விடுகிறது. காசநோய், எச்.ஐ.வி., மனநோய் என்றால் கேட்கவே வேண்டாம். ஊருக்குத் தெரிந்துவிடுமே என்று அஞ்சி மருந்து வாங்கவே போகாதவர்கள் நம்மிடையே உண்டு.

எச்.ஐ.வி. உள்ளவரின் விவரத்தை அவர் சம்மதமின்றி வெளியிடுவதை நம் நாட்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்போ அதற்கு முன்பே, தன் அந்தரங்கத்தைக் காக்க ஒவ்வொருவருக்கும் உள்ள உரிமையை மீறலாகாது என்று 220ஆம் எண்ணில் சொல்லிவிட்டது. பீடத்திலிருந்து நாங்கள் இதை அதிகம் சொல்வதில்லை.

மன்றாட்டுக்கு நோயின் பெயர் எதற்கு? ஆண்டவருக்குத் தெரியாததா! திருப்பலிக் கருத்து எழுதும்போதும் ‘நோயுற்ற ஒருவருக்காக’ என்றால் போதும். பெயர் சொல்லித்தான் ஜெபிக்க வேண்டுமென்றால், முதலில் அவரிடமே கேட்டுவிட்டு வாருங்கள்.