அயலார் முகமும் நமது காமிராவும்

கார்வேட்டிநகரத்திலிருந்து தொலைதூரம் செல்வோர் புத்தூர் வழியாக ரேணிகுண்டாவை அடைவது நெடுநாளைய வழக்கம். முன்பு அங்கே இரயில் ஏறினோம். இன்று அதே ரேணிகுண்டாவில் திருப்பதி விமான நிலையமும் இருக்கிறது. 2015-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அதன் புதிய கட்டடத்தில், மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தைகளையும், பிரசாதப் பையை மடியில் வைத்துக் காக்கும் பாட்டிமார்களையும் காணலாம். முகங்களைப் படம்பிடிக்க விரும்புவோனுக்கு இதனினும் சிறந்த கடைவீதி வேறு உண்டோ?

மக்களை நிற்கவைத்து, சிரிக்கச் சொல்லி எடுக்கும் படம் ஒருவகை. அவர்கள் தம் இயல்பில் இருக்கும்பொழுது, அறியாவண்ணம் எடுக்கும் படம் மற்றொரு வகை. 1925-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த லைக்கா என்னும் சிறு காமிரா, இவ்விரண்டாம் வகைக்கு வழி திறந்தது. அதனைக் கையாண்டு உலகப் புகழ் பெற்றவர் பிரெஞ்சு நாட்டுக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன். 1950-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ரமண மகரிஷி மறைந்தபொழுது அவர் திருவண்ணாமலையிலேயே இருந்தார்.

விமான நிலையங்களையே தெருவாகக் கொண்டு படமெடுத்தவர் அமெரிக்கரான கேரி வினோகிராண்ட். பயணம் செல்லும்போதெல்லாம், காத்திருப்போரையும் வழியனுப்புவோரையும் அவர் பல ஆண்டுகள் படமெடுத்தார். 1984-இல் அவர் மறைந்தபொழுது, கழுவப்படாத ஃபிலிம் சுருள்கள் மட்டும் சுமார் 2,500 எஞ்சியிருந்தன. அவருடைய விமான நிலையப் படங்கள் 2004-இல் நூலாக வெளிவந்தன.

நாமும் முயலலாம். ஓடியாடித் தேடுதல் வேண்டா. ஓரிடத்தில் அமர்ந்து காத்திருத்தல் போதும். பெட்டிகள் சுழன்று வரும் இடமும், உறவினர் எதிர்நோக்கி நிற்கும் வாயிலும் நல்ல இடங்கள். பெரிய கண்ணாடிச் சுவர்களின் வழியே பகலொளி தாராளமாக வருவதால் பளிச்சிடும் விளக்கு தேவையில்லை. நடப்போர் உருவம் கலங்காதிருக்க, ஒரு வினாடியில் 250-இல் ஒரு பங்கு நேரம் ஒளியை உட்புகவிட்டால் போதுமானது. எட்டுப் பத்தடி தூரத்திற்குக் காமிராவை முன்னரே சரிசெய்து வைத்துக்கொண்டால், தக்க கணம் தவறிப்போகாது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. விமானத் தளங்களில் படமெடுப்பதற்கு நம் நாட்டில் 1937-ஆம் ஆண்டு விதிகளிலேயே கட்டுப்பாடு உண்டு. சோதனை நடைபெறும் இடத்திலும், காவலர்களை நோக்கியும் காமிராவை உயர்த்தாதீர்கள். ஐயம் எழுந்தால் அங்குள்ள அதிகாரியைக் கேட்டறிவதே முறை.

சட்டத்தைக் காட்டிலும் நுட்பமான கட்டுப்பாடு ஒன்றும் உண்டு. அதனை எனக்குக் கற்பித்தவன் ஓர் இளைஞன்.

எங்கள் சித்தூர்ச் சீமையிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோர் பலர் சென்னை மீனம்பாக்கத்தில் விமானம் ஏறுகின்றனர். அங்கே ஒருநாள், கண்ணாடிக்கு அப்பால் நின்ற தன் தாயைப் பார்த்து ஓர் இளைஞன் சிரித்துக் கையசைத்துக்கொண்டிருந்தான். பின்பு திரும்பி நான்கு அடி நடந்தான். அதுவரை அடக்கிவைத்த துயரமெல்லாம் அவன் முகத்தில் உடைந்தது. அக்கணமே நான் படமெடுத்துவிட்டேன். என் வாழ்நாளில் எடுத்தவற்றுள் அதுவே தலைசிறந்தது என்று அப்பொழுதே அறிந்தேன்.

அவன் என்னைக் கவனித்துவிட்டான். அருகே வந்து, தெலுங்கு கலந்த எங்கள் ஊர்த் தமிழில், "ஐயா, நான் அழுததை எடுத்தீர்களா? அம்மா நான் சிரித்துக்கொண்டே போனதாக நினைத்து ஊர் திரும்புகிறாள். இது எப்படியாவது அவள் கண்ணில் பட்டுவிட்டால் என்ன செய்வது?" என்று கேட்டான்.

யார் கண்ணிலும் படாது என்று நான் சொல்லியிருக்கலாம். ஆனால், ஒரு படம் ஒரு நொடியில் உலகைச் சுற்றிவரும் காலம் இது. அன்றியும், அச்சிரிப்பு அவன் தன் தாய்க்கு அரும்பாடுபட்டு அளித்த பொருள். அதனைப் பறிக்க நான் யார்? அவன் கண்ணெதிரிலேயே படத்தை அழித்துவிட்டேன். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இப்பொழுது ஒன்று எடுங்கள், ஐயா, அம்மாவுக்கு அனுப்புங்கள்" என்றான். விறைத்து நின்று சிரிக்கும் அந்தப் படத்தில் கலை ஏதும் இல்லை. அதை அச்சிட்டு அவன் தாய்க்கு அனுப்பிவைத்தேன்.

அன்றுமுதல் சில நெறிகளைக் கைக்கொண்டுள்ளேன். காமிராவை ஒளித்து வைப்பதில்லை. எவரேனும் வினவினால் படத்தைக் காட்டுகிறேன். வேண்டா என்றால் அழித்துவிடுகிறேன். எடுக்கப்பட்டவரை ஏளனத்திற்கு ஆளாக்கும் படத்தை, அவர் கேளாவிடினும், வைத்துக்கொள்வதில்லை.

மும்பையிலும் டில்லியிலும் கல்கத்தாவிலும் வாழும் தமிழன்பர்களே! விடைபெறும் வாயில்கள் உங்களுக்குப் புதியன அல்ல. அங்கே திரும்பி நடந்தபொழுது உங்கள் முகம் எவ்வாறு இருந்தது என்பதை நீங்களே அறிவீர்கள். அடுத்த முறை காமிராவை உயர்த்துமுன் அதனை ஒருகணம் நினைவுகூர்ந்தால், எதனை எடுக்கலாம், எதனை விடலாம் என்பது தானே விளங்கும்.