பலகையை மறைக்காத நிறம்

(நம் கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)

நான் பத்தாம் வகுப்பு வரை படிச்சவள். மைக் பிடிக்கிறது இதுதான் முதல் தடவை. உள்கடன் வாங்கி என்ன செய்தீங்க என்று பேசச் சொன்னாங்க. மாடு வாங்கினவங்க, தையல் மிஷின் வாங்கினவங்க பேசிட்டாங்க. நான் சுவருக்குப் பெயிண்ட் அடிச்ச கதையைச் சொல்றேன். சிரிக்கக் கூடாது.

எங்க வீடு கன்னியாகுமரி மாவட்டத்துப் பழைய ஓட்டு வீடு. நடு அறையில் ஒரு பக்கம் முழுக்கப் பலகைச் சுவர், மேலே பலகை மச்சு. மாமிக்குக் கல்யாணமான வருஷம் அவங்க அப்பா, தோப்பில் நின்ன பலாமரத்தை அறுத்துச் செய்து கொடுத்தது. புதுசில் மஞ்சளா இருந்த பலகை இப்போ கருஞ்சிவப்பா இருக்கு.

கொழுந்தன் கல்யாணத்துக்கு வீட்டை அழகாக்க 15,000 ரூபாய் உள்கடன் வாங்கினேன். கடையில் சின்ன அட்டையைப் பார்த்து ரோஸ் கலர் சொன்னேன். மூணு சுவரும் அடிச்சு முடிச்சா, ரோஸ் கண்ணைக் குத்துது, பலகை அழுக்கு மாதிரி தெரியுது. கலந்த பெயிண்டைக் கடையில் திருப்பி எடுக்க மாட்டாங்க. 3,200 ரூபாய் போச்சு. வீட்டுக்காரர், "பலகை மேலேயும் பிரவுன் எனாமல் அடிச்சுரலாம்" என்றார். மாமி ஒண்ணும் பேசல. அன்னைக்கு ராத்திரி சாப்பிடவும் இல்ல. எனக்கு அதுதான் பயமாப் போச்சு.

வாரக் கூட்டத்தில் அழுதுக்கிட்டே சொன்னேன். குழுப் பணத்தை வீணாக்கிட்டேனே என்று வெட்கம். யாரும் திட்டல. பெயிண்டிங் வேலைக்குப் போற ஒரு அக்கா மறுநாளே வீட்டுக்கு வந்தாங்க. அவங்க சொன்னது உங்களுக்கும் உதவும்.

பலகையை மாத்த முடியாது. அதனால முதல்ல பலகையின் நிறத்தைப் பார்க்கணும், பிறகுதான் சுவர். இருட்டு மரம் இருக்கிற அறைக்கு வெளிறிய நிறம் வேணும். அட்டையை நம்பாம, சின்ன டப்பா வாங்கி, பலகையை ஒட்டின சுவரில் இரண்டடிச் சதுரமா இரண்டு கோட் அடிச்சுக் காயவிடணும். காலையில் ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை, டியூப் லைட்டில் ஒரு தடவை பார்க்கணும்.

மூணு நிறம் அடிச்சுப் பார்த்தோம். சுத்த வெள்ளை டியூப் லைட்டில் கூசிச்சு. சந்தனம் மரத்தோட மஞ்சளில் கலந்து மங்கிப்போச்சு. வாழைக்குருத்துப் பச்சை பக்கத்தில் வந்ததும் பலகையின் சிவப்பு எழுந்து நின்னுச்சு. மாமியைக் கூப்பிட்டுக் கேட்டேன். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் அவங்ககிட்ட யாரும் நிறம் கேட்டதில்லையாம். பச்சையைத் தொட்டுக் காட்டினாங்க.

ரோஸ் மேலே நேரா அடிச்சா உள்ளே இருந்து தெரியும். அதனால உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, தூசி துடைச்சு, பிரைமர் ஒரு கோட் அடிச்சுட்டு, பிறகு பச்சை இரண்டு கோட். ஓதம் இருந்த இடத்தில் முதலில் ஓட்டு ஒழுக்கை அடைச்சோம். அதை விட்டுட்டு எந்தப் பெயிண்ட் அடிச்சாலும் உரிஞ்சுதான் விழும். பலகைக்கு எனாமல் வேண்டாம், ரேகை மறைஞ்சுபோகும் என்றாங்க அக்கா. ரேகை போற பக்கமாவே தேய்ச்சு, வார்னிஷ் மட்டும் அடிச்சோம். கூலி மிச்சமாக நானும் அக்காவும் சேர்ந்தே வேலை செய்தோம். ஏணியில் ஏறினப்போ வீட்டுக்காரரே ஏணியைப் பிடிச்சுக்கிட்டார்.

கல்யாணத்துக்கு வந்தவங்க எல்லாரும் பலகையைத்தான் கேட்டாங்க. மாமி நாற்காலியைத் திருப்பிப் போட்டு அதுக்கு எதிரே உட்கார்ந்து, "எங்க அப்பா கொடுத்தது" என்று ஒவ்வொருத்தருக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க.

கடனைப் பத்து தவணையில் கட்டி முடிச்சேன். ஒண்ணே ஒண்ணு சொல்லி முடிக்கிறேன். கடன் கேட்கும்போது, அதை வச்சுச் செய்யப்போற வேலையையும் குழுவில் கேளுங்க. தெரிஞ்சவங்க நம்ம பக்கத்திலேயே பாய் விரிச்சு உட்கார்ந்திருப்பாங்க. நான் முதல்லயே கேட்டிருந்தா 3,200 ரூபாய் மிச்சம்.