66 வயசுல ஜப்பானிய மொழி

போன எபிசோடுல, டுவோலிங்கோவுல என்ன மொழி படிக்கறீங்கன்னு கேட்டிருந்தேன். பாதிப் பேர் ஜப்பானிய மொழின்னு சொல்லியிருந்தீங்க. காரணம் எல்லாருக்கும் ஒண்ணுதான்: அனிமே. இன்னைக்கு நான் சொல்லப்போறது, ஒரு அனிமேகூடப் பார்க்காம 66 வயசுல ஜப்பானிய மொழி படிச்ச ஒரு அம்மாவைப் பத்தி.

அமெரிக்காவுல யூட்டா மாநிலம், ப்ரோவோன்னு ஒரு ஊர். அங்க படிக்கப் போனப்ப, ஒரு வயசான தம்பதி வீட்டுல பேஸ்மென்ட்ல வாடகைக்கு இருந்தேன். பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க. அதனால அவர், அந்த அம்மான்னே சொல்றேன்.

யூட்டான்னாலே மார்மன் சபை. வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சுல கறுப்புப் பேட்ஜ் போட்டுக்கிட்டு, ஜோடி ஜோடியா வீடு வீடாப் போய்க் கதவு தட்டுற பசங்களைப் படத்துலயாவது பார்த்திருப்பீங்க. பசங்களுக்கு ரெண்டு வருஷம், பொண்ணுங்களுக்கு ஒன்றரை வருஷம் ஊழியம். அவங்களைத் தயார் பண்ற பெரிய பயிற்சி மையம் ப்ரோவோவுலதான் இருக்கு. 50க்கும் மேற்பட்ட மொழிகள் அங்கே கற்பிக்கப்படுகின்றன.

ரிட்டயர் ஆன தம்பதிகளும் போகலாம்ங்கறது எனக்கு அங்க போய்த்தான் தெரியும். செலவு அவங்க சொந்தக் காசு. பெரும்பாலும் ஆபீஸ் வேலை, கோயில் வேலை, உள்ளூர் சபைக்காரங்களுக்கு ஒத்தாசைன்னு இருக்கும். முக்கியமான விஷயம், அவங்க மொழி படிச்சே ஆகணும்னு கட்டாயம் இல்லை. மதம் பரப்பப் போறது எனக்கு ஒப்புதல் இல்லாத விஷயம். அதை அவங்ககிட்டயே சொல்லியிருக்கேன். அவர் சிரிச்சுட்டு, "வாடகை மட்டும் ஒண்ணாந்தேதி வந்துடணும்"னார்.

இவங்களுக்குக் கிடைச்ச இடம் ஜப்பான்ல ஃபுக்குவோக்கா. பதினெட்டு மாசம். அவர் 19 வயசுலயே ஹொக்கைடோவுல ஊழியம் பண்ணவர். நாப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு, ஆனாலும் ஜப்பானிய மொழி நாக்குல இருக்கு. அந்த அம்மாவுக்கு ஒரு வார்த்தை தெரியாது.

வாரத்துக்கு ரெண்டு நாள் வீடியோ கால்ல டியூஷன். சொல்லித்தர்றது ஜப்பான்ல ஊழியம் முடிச்சு வந்த ஒரு காலேஜ் பையன். அந்த அம்மா ஃப்ரிட்ஜ், கதவு, மைக்ரோவேவ்னு எல்லாத்துலயும் சீட்டு ஒட்டி வெச்சாங்க. ஆனா மனசுல நிக்கல. ஒரு நாள், கடவுள் மனுஷங்களை நேசிக்கிறார்னு சொல்ல வந்து, கேரட்டை நேசிக்கிறார்னு சொல்லிட்டாங்க. மனுஷனுக்கு நிங்கென், கேரட்டுக்கு நின்ஜின். அவரும் அந்தப் பையனும் விழுந்து விழுந்து சிரிச்சு, ரெண்டு பேருமா ஜப்பானிய மொழியிலயே ஏதோ பேசிக்கிட்டே போயிட்டாங்க. அந்த அம்மாவும் சிரிச்ச மாதிரியே உக்காந்திருந்தாங்க.

அன்னைக்கு ராத்திரி துணி துவைக்க பேஸ்மென்ட்டுக்கு வந்தாங்க. "கட்டாயமில்லையே, ஏன் இவ்வளவு கஷ்டப்படறீங்க?"ன்னு கேட்டேன். மெஷின்ல துணியைப் போட்டுக்கிட்டே சொன்னாங்க: "இங்கேயே எனக்கும் சேர்த்து அவர்தான் பேசுவார். இங்க பரவாயில்லை, நான் நடுவுல புகுந்துடுவேன். அங்க போனா நான் ஊமை. ஒரு கிழவி என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஏதாவது சொன்னா, இவர் மொழிபெயர்த்து முடிக்கறதுக்குள்ள அவ கையை விட்டுடுவா."

எனக்கு அதுக்குப் பதில் தெரியல. நோட்டைக் காட்டுங்கன்னேன்.

நோட்டுல 'தாபெதே மிமாஸ்'னு எழுதி, பக்கத்துல பெரிய கேள்விக்குறி. தாபெதேன்னா சாப்பிட்டு, மிமாஸ்னா பார்க்கறேன். "சாப்பிட்டப்புறம் எதுக்குப் பார்க்கணும்?"னு கேட்டாங்க. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. சாப்பிட்டுப் பார்க்கறேன்! நம்ம போட்டுப் பாரு, கேட்டுப் பாரு எல்லாம் அப்படியே அங்க இருக்கு. அடுத்த பக்கம் 'கத்தே ஓக்கு': வாங்கி வை. ஓக்குன்னா வைக்கறது. நாம எதை எங்க 'வைக்கறோமோ', அவங்களும் அங்கயே வைக்கறாங்க. வினைச்சொல் கடைசியில வரும். 'ப்ரோவோ காரா கிமாஷ்தா'ன்னா ப்ரோவோவுலேர்ந்து வந்தேன், காரா வந்து ஒட்டற இடம் நம்ம 'லேர்ந்து' ஒட்டற இடம்தான். இங்கிலீஷ் வழியாப் போனா தலைகீழாத் தெரியறது, தமிழ் வழியாப் போனா நேர் ரோடு.

உடனே வாட்ஸப்புல ஃபார்வர்ட் பண்ணிடாதீங்க. ஓனோ சுசுமுன்னு ஒரு ஜப்பானிய அறிஞர், ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டுன்னு புத்தகங்களே எழுதினார். மொழியியலாளர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை. வாக்கிய அமைப்பு ஒத்துப்போவதாலேயே இரண்டு மொழிகளும் உறவாகிவிடாது. கொரிய மொழியிலும் துருக்கியிலும்கூட வினை கடைசியில்தான் வரும். உறவு இருக்கோ இல்லையோ, அந்த அம்மா படிக்கறதுக்கு உதவுச்சு.

அதுக்கப்புறம் நோட்டுல மூணாவது பத்தி ஒண்ணு முளைச்சுது. இங்கிலீஷ், ஜப்பானிய மொழி, நடுவுல தமிழ். 'சாப்டு பாரு'ன்னு இங்கிலீஷ் எழுத்துல எழுதி வெச்சிருந்தாங்க. டியூஷன் பையன் அது என்னன்னு கேட்டானாம். "என் பாலம்"னாங்களாம்.

கிளம்பறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி, டியூஷன் நடக்கும்போது நான் வாடகை செக் குடுக்க மேல போனேன். தன்னைப் பத்தி அஞ்சு வாக்கியம் சொல்லணும். மூணாவதுல நின்னுட்டாங்க. பக்கத்துல இருந்தவர் வாயைத் திறந்தார். அவர் பக்கம் திரும்பாமலே "சொத்தோ மத்தே"ன்னு கையைக் காட்டினாங்க. கொஞ்சம் இருங்கன்னு அர்த்தம். திரையில பையன் அசையல. அவர் வாயை மூடிக்கிட்டார். செக்கைக் கையில வெச்சுக்கிட்டு நானும் அப்படியே நின்னேன். எவ்வளவு நேரம்னு தெரியல, ரொம்ப நேரம் மாதிரி இருந்துச்சு. அப்புறம் வந்துது அந்த வாக்கியம், தப்போடதான். அவர் திருத்தல.

புறப்படற அன்னைக்கு அவங்க பையன் பெட்டிகளை வண்டியில ஏத்திட்டிருந்தார். ஜப்பான்ல வீட்டை விட்டுக் கிளம்பறவங்க 'இத்தே கிமாஸ்'னு சொல்வாங்க, வார்த்தைக்கு வார்த்தை 'போயிட்டு வரேன்'. வீட்டுல இருக்கறவங்க சொல்ற பதில் 'இத்தே ராஷ்ஷாய்', போயிட்டு வாங்க. இங்கிலீஷ்ல இதுக்குச் சரியான ஜோடி கிடையாது. அந்த அம்மா சாவியை என் கையில குடுத்துட்டு "இத்தே கிமாஸ்"னாங்க.

நான் தமிழ்லயே "போயிட்டு வாங்க"ன்னேன்.

அவர் அர்த்தம் சொல்ல ஆரம்பிச்சார். "சொத்தோ மத்தே"ன்னு சொல்லிட்டு வண்டியில ஏறினாங்க.